மான்டெலூகாஸ்ட் 5 மில்லிகிராம்: மூக்குக்கு நாலு ஸ்டார், ராத்திரிக்கு ஒன்றும் கிடையாது

தை மாதம் மாமரம் பூ எடுத்தால் கிருஷ்ணகிரி ஊருக்கே சந்தோஷம், எங்கள் வீட்டில் மட்டும் தும்மல். நான் கணக்கு எழுதுவது ஒரு மேங்கோ பல்ப் கம்பெனியில், அதனால் பூவைத் திட்டவும் வாய் வராது. ஒன்பது வயதுப் பையனுக்குப் போன தை முழுக்க மூக்கடைப்பு, ராத்திரியானால் இளைப்பு, கிரானைட் லாரி கிளப்புகிற புழுதி வேறு. டாக்டர் எழுதிக்கொடுத்தது மான்டெலூகாஸ்ட் 5 மில்லிகிராம், சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று, ஒரு மாதம். அந்த மாத்திரையைப் பற்றித்தான் எழுதுகிறேன், கூடவே அதை வாங்கின இரண்டு மெடிக்கல்களைப் பற்றியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனிப்பாக இருக்கும், பையன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நாலைந்து நாளில் மூக்கு திறந்துவிட்டது, இளைப்பும் குறைந்தது. ஒவ்வாமையின்போது உடம்பில் சுரக்கிற லூக்கோட்ரயீன் என்கிற பொருள்தான் மூச்சுக்குழாயை இறுக்கி, சளி கட்ட வைக்கிறது, அதன் வேலையை இந்த மருந்து தடுக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை 4, ஆறிலிருந்து பதினான்குவரை 5, அதற்கு மேல் 10 மில்லிகிராம் என்று அளவு. பெரியவர்களுக்குச் சளி, தும்மல் என்று போனால் லெவோசெட்ரிசினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக எழுதுகிறார்களே, அதிலும் இதுதான் இருக்கிறது. உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தால் பாதி அட்டையாவது கிடைக்கும்.

இப்போது ராத்திரிக் கதை.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். ஒரு மணி, ஒன்றரை மணிக்குப் பையன் எழுந்து உட்கார்ந்து கத்துவான். கண் திறந்திருக்கும், ஆனால் நம்மைப் பார்க்க மாட்டான். காலையில் கேட்டால், யாரோ கிணற்றில் தள்ளினார்கள், வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று ஏதாவது சொல்வான். பகலில் தொட்டதற்கெல்லாம் கோபம், தங்கச்சியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டு அவனே உட்கார்ந்து அழுவான். எங்கள் அம்மா, "எதையோ பார்த்துப் பயந்துட்டான்டா" என்று முதலில் மாரியம்மன் கோயில் திருநீறு, அப்புறம் பள்ளிவாசல் வாசலில் ஓதி ஊதி வாங்கி வருவது என்று இரண்டு வாரம் ஓட்டினார். நான் பரீட்சை பயம் என்று நினைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் மாத்திரையை நினைக்கவே இல்லை, மூக்குக்குக் கொடுக்கிற மருந்து எதற்கு மனசைத் தொடப்போகிறது? ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாக, "எனக்கு இருக்கவே பிடிக்கலப்பா" என்றான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

முதலில் வாங்கின மெடிக்கல் பெரியது, ஏசி, கணினி பில், பதினைந்து சதவீதத் தள்ளுபடி. பத்து மாத்திரை அட்டையில் ஆறைக் கத்தரித்துக் கவரில் போட்டுத் தருவார்கள், காலாவதி தேதி கடையிலேயே தங்கிவிடும். தகவல் தாள் என்று ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு தடவை சீட்டைக் காட்டாமலே வாங்கினேன், யாரும் கேட்கவில்லை, எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அன்றைக்குக் கடை அடைத்திருந்ததால் பழையபேட்டைப் பக்கம் ஒரு சின்ன மெடிக்கலுக்குப் போனேன். பேர் போடவில்லை, அந்த அக்காவே வேண்டாம் என்றார். சீட்டை வாங்கிப் படித்தார், எத்தனை நாளாகப் போகிறது என்று கேட்டார், அப்புறம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே, "பையன் ராத்திரி ஒழுங்கா தூங்குறானாண்ணா?" என்றார். எனக்கு அங்கேயே கை நடுங்கிவிட்டது. கெட்ட கனவு, எரிச்சல், சோர்வு, சாக வேண்டும் போன்ற எண்ணம்கூட இந்த மருந்தால் சிலருக்கு வரலாம், எல்லாருக்கும் வராது, உடனே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, விற்க வேண்டிய மாத்திரையைத் திரும்ப ரேக்கில் வைத்தார். ஒரு வியாபாரி இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போனால், "செல்போன்ல பாத்துட்டு வந்தீங்களா" என்று சிரித்தார். சிரிக்கட்டும். ஆனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சிலேயே இந்த மருந்துக்கு அவர்களிடம் இருக்கிற மிகக் கடுமையான கட்டம் கட்டின எச்சரிக்கையைப் போட்டுவிட்டது, வெறும் மூக்கு ஒவ்வாமை என்றால் வேறு மருந்து பலன் தராதபோதுதான் இதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. வேறொரு குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் மாத்திரையை நிறுத்தி, ஸ்பேசர் என்கிற குழாயை மாட்டி மருந்தை மூச்சோடு இழுக்கிற இன்ஹேலரைக் கொடுத்தார், நிறுத்தின பிறகும் சிலருக்குக் கொஞ்ச நாள் தொடரலாம், தனியாக விடாதீர்கள், மறுபடி அந்த மாதிரி பேசினால் நேரம் பார்க்காமல் கூட்டி வாருங்கள் என்றார். ஐந்தாவது ராத்திரி அவன் முழுசாகத் தூங்கினான், நான்தான் தூங்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பிள்ளை திரும்ப இரண்டு வாரம் ஆனது.

இதற்கப்புறம் சொந்தக்காரர் வீட்டு மாத்திரைகளையெல்லாம் புரட்ட ஆரம்பித்துவிட்டேன், மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனால் பாருங்கள், காவேரிப்பட்டணத்தில் இருக்கிற என் மாமனார் தோல் வியாதிக்கு ப்ரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை போட்ட மாதம், ராத்திரி தூங்காமல் மூன்று மணிக்குப் பசுமாடு பத்து வாங்கிப் பால் பண்ணை வைப்பதாக எல்லாருக்கும் போன் போட்டார். குடித்திருக்கிறார் என்றே நினைத்தோம், பாவம். ஸ்டீராய்டு இப்படிச் செய்யும் என்பது பழைய சங்கதி. 1972-ல் வந்த ஒரு பாஸ்டன் ஆய்வில், நாளுக்கு 40 மில்லிகிராம்வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கும், 80-க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்சினை வந்தது. அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. ஆனால் பயந்துபோய் இதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, பல நாள் போட்டிருந்தால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கிற லெவெடிராசெட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக்கும், அதையும் நம் இஷ்டத்துக்கு நிறுத்தினால் வலிப்பே வந்துவிடும். ஒற்றைத் தலைவலிக்கும் கிறுகிறுப்புக்கும் எழுதுகிற ஃப்ளூனாரிசின் சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவரும், வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் சேரும். ஒன்று மட்டும் வேடிக்கை: 1952-ல் அமெரிக்காவில் காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியசிட் என்கிற மருந்து நோயாளிகளை ரொம்ப உற்சாகமாக்கியது, மன அழுத்தத்துக்கான மாத்திரைகளே அங்கிருந்துதான் கிளம்பின. நெஞ்சு மருந்து மனசைத் தொடாது என்று நினைத்த நான் எவ்வளவு பெரிய மக்கு!

பக்கவிளைவைப் புகார் செய்ய ஒரு இலவச எண் இருக்கிறது, 1800-180-3024. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் நடத்துவது, திட்டம் 2010-ல் ஆரம்பித்தது. டாக்டர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, மாத்திரை சாப்பிட்டவரோ வீட்டுக்காரரோ சொல்லலாம். தமிழிலேயே படிவமும் இருக்கிறது. மருந்தின் பேர், அளவு, ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி எல்லாம் கேட்பார்கள், அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முக்கியமாகத் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இருக்கிற பக்கத்தை. எனக்குத்தான் அது கத்தரித்த பக்கத்தோடு போய்விட்டதே.

சரி, மார்க் போடுகிறேன். மாத்திரைக்கு மூக்கு கணக்கில் நாலு, மற்றதில் பூஜ்யம், ஆனால் எத்தனையோ பிள்ளைகள் இதைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள், என் மார்க்கைப் பார்த்து யாரும் இன்று ராத்திரியே நிறுத்திவிட வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஏசி மெடிக்கலுக்கு இரண்டு, அதுவும் தள்ளுபடிக்காக. அந்த அக்கா கடைக்கு ஐந்து. தள்ளுபடி ஒரு பைசா கிடையாது, சில்லறைக்கு மிட்டாய் தருவார், கூட்டம் இருந்தால் அரைமணி நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் முன்னால் நிற்கிற ஒவ்வொருவரிடமும் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் திறப்பதில்லை.