ஐந்து கடற்கரைகள் என்று சொல்லி விற்றார்கள்: நார்மண்டி ஒருநாள் சுற்றுலாவில் நாங்கள் ஏமாந்த விதம்

சென்ற செப்டம்பரில், சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்ட சுற்றுலாக் கப்பல் ஒன்றில் அப்பாவுடன் ஏழு நாள் பயணம் சென்றேன். அக்கப்பல் பிரான்சின் லு ஆவ்ர் துறைமுகத்தில் ஒரு பகல் முழுவதும் நிற்கும் என்பதற்காகவே அந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தோம். அப்பா பள்ளியில் 34 ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய கதையை, கரும்பலகையில் வரைபடம் போட்டு எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியவர். அந்தக் கரையை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அதற்காக நான் கொடுத்த பணமும், பணத்தைவிடப் பெரிதான அந்த ஒரு பகலும் எவ்வாறு பறிபோயின என்பதை, அதே துறைமுகத்தில் இறங்கவிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் இடம் தீர்ந்துவிட்டது. எனவே இணையத்தில் தேடி, தனியார் ஏற்பாட்டாளர் ஒருவரிடம் ஆளுக்கு 150 யூரோ வீதம் இரண்டு இருக்கைகளைப் பதிவு செய்தேன். பாதித் தொகையை முன்பணமாக அட்டையில் வாங்கிக்கொண்டார்கள். மீதியை அன்று காலை ரொக்கமாகத் தர வேண்டும் என்றார்கள். தரையிறக்கம் நடந்த ஐந்து கடற்கரைகள், கொல்வில்-சுர்-மேர் ஊரிலுள்ள அமெரிக்கப் போர்வீரர் கல்லறைத் தோட்டம், லோங்க்-சுர்-மேர் ஊரிலுள்ள ஜெர்மானியப் பீரங்கித் தளம், புவான்த் து ஓக் செங்குத்துப் பாறை ஆகிய அனைத்தையும் எட்டு மணி நேரத்தில் காட்டுவதாக விளம்பரம் கூறியது. நேரம் இருந்தால் மட்டுமே என்ற சொற்கள், கடைசிப் பத்தியின் இறுதியில் சிறிய எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் இது நடக்காத காரியம் என்பது அப்போதே புரிந்திருக்கும். மேற்கிலிருந்து கிழக்காக யூட்டா, ஒமாஹா, கோல்ட், ஜூனோ, சோர்டு என்று குறிப்பெயர் சூட்டப்பட்ட அந்த ஐந்து கரைகளும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடக்கின்றன. லு ஆவ்ர் துறைமுகமோ அந்த வரிசைக்கு வெளியே, சேன் ஆற்றின் முகத்துவாரத்திற்கு மறுகரையில் இருக்கிறது. நார்மண்டிப் பாலத்தின் வழியாக ஆற்றைக் கடந்து, கான் நகரத்தைச் சுற்றிக்கொண்டு அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தை அடைவதற்கே பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். யூட்டா அங்கிருந்து இன்னும் மேற்கே, வளைகுடாவைச் சுற்றிச் செல்ல வேண்டிய தொலைவில் இருக்கிறது. மாலை 5 மணிக்குள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டிய ஒருவருக்கு இந்த ஐந்தையும் காட்ட எவராலும் முடியாது. அந்த விளம்பரத்தை எழுதியவர் இதை அறியாதவராக இருந்திருக்க முடியாது என்பதே என் குற்றச்சாட்டு.

காலை 8.15க்குப் புறப்பட வேண்டிய சிற்றுந்து, காலி இருக்கைகள் நிரம்பும்வரை துறைமுக வாயிலிலேயே நின்று 9.20க்குத்தான் கிளம்பியது. மொத்தம் 16 பேர் இருந்தோம். பாலத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், ஆப்பிள் சாற்றிலிருந்து காய்ச்சி வடிக்கும் கால்வதோஸ் என்னும் மதுவை விற்கும் ஒரு பண்ணைக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள். விளம்பரத்தில் அந்தக் கடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கே 50 நிமிடங்கள் போயின. நாங்கள் வெளியே வரும்போது, கடைக்காரப் பெண்மணி வழிகாட்டியின் அட்டை ஒன்றை வாங்கி, அதிலிருந்த கட்டத்தில் முத்திரை குத்திக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த அட்டையில் ஏற்கெனவே ஏழெட்டு முத்திரைகள் இருந்தன.

அரோமான்ஷ் ஊரை அடைந்தபோது மணி 12ஐத் தாண்டியிருந்தது. நேச நாடுகள் கான்கிரீட் பெட்டகங்களைக் கடல் வழியே இழுத்துவந்து அமைத்த மல்பெரி செயற்கைத் துறைமுகத்தின் எச்சங்கள், கருத்த பாறைகளைப் போல இன்றும் அங்கே கடலில் நிற்கின்றன. இதே போன்ற மற்றொரு துறைமுகம் ஒமாஹாவில் அமைக்கப்பட்டு, 1944 ஜூன் 19 அன்று தொடங்கிய புயலில் சிதைந்துபோனது. இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவர் அப்பா. வழிகாட்டி எங்களைக் கடலைப் பார்த்து நிற்கவைத்து, காலடியில் இருப்பது கோல்ட் என்றும், வலப்பக்கம் ஜூனோ, சோர்டு என்றும், இடப்பக்கம் ஒமாஹா, யூட்டா என்றும் கையை நீட்டிக் காட்டினார். “ஐந்து கடற்கரைகளையும் பார்த்துவிட்டீர்கள்” என்று சொல்லி, சாப்பிடுவதற்காக ஓர் உணவகத்தைச் சுட்டினார். யூட்டா அந்த இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டவே எட்டாது என்று அப்பா மிகுந்த பணிவோடு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். வழிகாட்டி புன்னகைத்துவிட்டு, வானம் தெளிவாக இருந்தால் தெரியும் என்றார். அன்று வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

லோங்க்-சுர்-மேரைக் குறிக்கும் வழிப்பலகையை வண்டி நிற்காமலே கடந்தது. தம் கான்கிரீட் கூடுகளுக்குள் பீரங்கிகள் இன்னும் அப்படியே நிற்கும் அந்தத் தளத்தைப் பார்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது. அரை மணி நேரம் இருந்தால் போதும். நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மதுக்கடைக்கு மட்டும் 50 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தை நெருங்கும்போது, நுழைவுக் கட்டணம் என்று ஆளுக்கு 15 யூரோ வசூலித்தார்கள், ரசீது தரவில்லை. 16 பேருக்கு 240 யூரோ. உள்ளே போனால், பார்வையாளர் மையத்தில் பாதுகாப்புச் சோதனை இருந்ததே தவிர, சீட்டு விற்கும் இடம் எங்கும் இல்லை. அங்கிருந்த பணியாளர், இங்கே யாரிடமும் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்றார். திரும்பி வந்து வழிகாட்டியிடம் கேட்டபோது, அது வாகன நிறுத்தத்திற்கான தொகை என்று பேச்சை மாற்றினார். அங்கே வாகனம் நிறுத்தவும் கட்டணம் இல்லை. அமெரிக்க அரசின் பராமரிப்பிலுள்ள அந்தத் தோட்டமும் புவான்த் து ஓக்கும் யாவருக்கும் இலவசம் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவர்களைப் பார்க்க வந்தவர்களிடம், அவர்கள் பெயரைச் சொல்லியே பணம் பறித்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எங்களுக்கு அங்கே ஒதுக்கப்பட்டது 25 நிமிடம். 9,380க்கும் மேற்பட்ட வெண்பளிங்குக் கல்லறைச் சின்னங்கள், புல்வெளியில் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நேர்க்கோடாகத் தெரியும்படி நிற்கின்றன. உடல் கிடைக்காத 1,557 பேரின் பெயர்கள் தனியே சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பா அங்கே தேடிச் சென்றது ஒரே ஒரு கல்லறையை. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகன், தந்தையின் பெயரையே கொண்ட தளபதி ரூஸ்வெல்ட், மூட்டுவலியால் கைத்தடி ஊன்றிக்கொண்டே 56ஆம் வயதில் யூட்டா கரையில் முதல் அணியோடு இறங்கி, அடுத்த மாதம் 12ஆம் தேதி மாரடைப்பால் இறந்தவர். முதல் உலகப் போரில் 1918இல் விமானியாக உயிர்நீத்த அவருடைய தம்பி குவென்டினின் உடலையும் பின்னாளில் அங்கே கொண்டுவந்து, அண்ணனுக்கு அருகில் புதைத்திருக்கிறார்கள்.

பார்வையாளர் மையப் பெண்மணி கணினியில் தேடி, பகுதி எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கும் முழங்கால் வலி உண்டு. அவரும் கைத்தடியோடுதான் நடப்பார். கடலைப் பார்த்த மேட்டில் இரண்டு நிமிடம் நின்று, கீழே ஒமாஹாவின் மணலைப் பார்த்தோம். பிறகு சிற்றாலயம் இருக்கும் பக்கமாக மெதுவாக நடந்துகொண்டிருந்தபோது வழிகாட்டியிடமிருந்து தொலைபேசி வந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் வண்டி புறப்பட்டுவிடும் என்றார். அப்பா கையிலிருந்த தாளைப் பார்த்தார், முன்னால் இருந்த வரிசைகளைப் பார்த்தார், “சரிப்பா, திரும்பிடலாம்” என்றார். வண்டி புறப்பட்டுவிட்டால் கப்பலைத் தவறவிடுவோம் என்ற அச்சம்தான் எங்கள் இருவரையும் திருப்பியது. அந்த அச்சம் நியாயமானதே: கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியாள் ஏற்பாட்டில் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது. பாலத்தின் சுங்கச்சாவடி நெரிசலில் சிக்கி, கெடுவுக்குப் பதினைந்து நிமிடம் முன்புதான் கப்பலுக்குள் நுழைந்தோம்.

இதே இடங்களைத் தனியாரிடம் பதிவு செய்ய நினைப்பவர்கள் சிலவற்றை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரான்சில் சுற்றுலா விற்பவர்கள் ஆட்டூ ஃபிரான்ஸ் என்னும் அரசுசார் அமைப்பின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணைக் கேளுங்கள். முறையான தகுதி பெற்ற வழிகாட்டிகளிடம் தொழில்முறை அடையாள அட்டை இருக்கும். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். லு ஆவ்ரில் இறங்குபவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு அல்லது மூன்று இடங்களே சாத்தியம்: ஒமாஹாவும் அமெரிக்கக் கல்லறைத் தோட்டமும் புவான்த் து ஓக்கும் என்று ஒரு பக்கம், அல்லது தரையிறக்க நாளில் பிரிட்டிஷ் வீரர்கள் கைப்பற்றிய பெகாசஸ் பாலமும் அரோமான்ஷும் பாயூவிலுள்ள பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டமும் என்று மறுபக்கம். யூட்டாவையும், அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் இறங்கிய சாந்த்-மேர்-எக்லீஸ் ஊரையும் பார்க்க விரும்புபவர்கள், கப்பல் செர்பூர் துறைமுகத்தில் நிற்கும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அங்கிருந்து அவை ஒரு மணி நேரத்திற்கும் குறைவான தொலைவு. கடல் ஓதம் இறங்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர் கரையில் நட்டிருந்த தடைக்கம்பங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நேச நாட்டுப் படைகள் ஓதம் தாழ்ந்திருந்த வேளையில் இறங்கின. அந்த வீரர்கள் மறைவே இல்லாமல் கடக்க நேர்ந்த மணல்வெளி எவ்வளவு அகலம் என்பது அந்த வேளையில் நின்றால்தான் விளங்கும்.

விளம்பரத்தின் படத்தை நான் முன்பே சேமித்து வைத்திருந்ததால், அட்டையில் செலுத்திய 150 யூரோவை வங்கியிடம் முறையிட்டு ஏழு வாரங்களில் மீட்டேன். ரொக்கமாகக் கொடுத்தவற்றுக்கு ஆதாரம் எதுவும் இல்லாததால் அவை போனது போனதுதான். ஏற்பாட்டாளருக்கு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நேற்று அவர்களுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் ஐந்து கடற்கரைகள் அப்படியே இருக்கின்றன. அடுத்த ஏப்ரல் முதல் லு ஆவ்ருக்கு வரும் கப்பல்களின் தேதிகளுக்கு முன்பதிவு தொடங்கியிருக்கிறது.