குழாய்ச் சுவரின் வழவழப்பை எதைக் கொண்டு அளப்பது?

மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இறங்கியவர்களுக்கு நுண்ணுயிர்ப் படலத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கால் வைத்தவுடன் வழுக்குகிறதே, அதுதான். சுவரில் ஒட்டிய பாக்டீரியாக்கள் பசைபோன்ற ஒன்றைச் சுரந்து அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துகின்றன. குடிநீர்க் குழாயில் இது தொல்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலோ சம்பளம் கேட்காத வேலைக்காரர். இதை ஆராய வரும் மாணவர்கள் “எந்த முறை சிறந்தது?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். படலம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, அதில் யார் இருக்கிறார்கள் என்றா, உள்ளே என்ன நடக்கிறது என்றா? இதைச் சொல்லாமல் முறையைப் பற்றிப் பேசுவது வீண்.

எவ்வளவு என்பதற்கு மலிவான வழி கிரிஸ்டல் வயலட் சாயம். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, திரவத்தைக் கொட்டிக் கழுவி, 0.1 சதவீதச் சாயத்தை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். மறுபடி கழுவி, ஒட்டி நிற்கும் ஊதாவை 30 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, 550 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் முடிந்தது. இதன் உயிர்நாடி கழுவுவதில் இருக்கிறது. பழகிய புதிதில் தட்டை நேராகக் குழாயடியில் பிடித்துப் படலத்தில் பாதியைச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரம் பயந்து பயந்து கழுவினேன். எண் இரண்டு மடங்காகிவிட்டது. பாக்டீரியா அதேதான், என் கைதான் மாறியிருந்தது.

இந்தச் சாயம் உயிருள்ள செல், செத்த செல், பசை என்று எல்லாவற்றிலும் ஏறும். அதைவிடப் பெரிய குறை, தட்டு பாலிஸ்டைரீன், அதில் நீர் அசையாது. தெருக் குழாயிலோ இரும்பும் சிமெண்டும், ஓடும் தண்ணீரும். ஐம்பது பாக்டீரியா வகைகளில் நன்றாக ஒட்டுவது எது என்று சலித்தெடுக்க இந்த முறை அருமை. குழாயைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உதவாது. அதற்கு, அசையும் நீரில் படலத்தை வளர்க்கும் சி.டி.சி. கலன் போன்ற ஒன்று வேண்டும்: 8 தண்டுகள், தண்டுக்குப் படலம் ஒட்டி வளர 3 வில்லைகள், நடுவில் சுழலும் கலக்கி. வில்லையைத் தேவையான பொருளில் வெட்டிக்கொள்ளலாம். படலத்தைச் சுரண்டும்போது பரப்பளவும் துல்லியமாகத் தெரியும்; குழாயை அறுத்துச் சுரண்டுபவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்து, யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. அகார் என்ற சத்துக்கூழ் ஊற்றிய தட்டில் வளர்த்து எண்ணுவது பழைய வழி. சத்து மிகுந்த அகாரில் குடிநீர்ப் பாக்டீரியாக்கள் திணறுவதால், 1985-இல் ஆர்2ஏ என்ற மெலிந்த அகாரைக் கொண்டுவந்தார்கள். அதில் ஐந்து முதல் ஏழு நாள் பொறுமையாக வளர்த்தால் எண்ணிக்கை கூடும். அப்படியும் நுண்ணோக்கியில் தெரிகிற செல்களில் தட்டில் முளைப்பவை பெரும்பாலும் நூற்றில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை. எண்ணிக்கை குறைவதைவிட, தவறான ஆள் முன்னால் வந்து நிற்பதுதான் ஆபத்து.

பாஸ்பரஸ் கதை அப்படிப்பட்டது. கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை உறிஞ்சும் பாக்டீரியா எது என்று தேடிய ஃபூஸ், சென் இருவரும் 1975-இல் அசினிடோபாக்டரை வளர்த்தெடுத்தார்கள். பாடநூல்களிலும் அந்தப் பெயரே நிலைத்தது. 1990-களில், செல்லை வளர்க்காமலே அடையாளம் காணும் ஃபிஷ் முறை வந்து கசடை நேரடியாகப் பார்த்தபோது, அங்கே அசினிடோபாக்டர் சொற்பமாகவே இருந்தது. தட்டில் வேகமாக முளைத்ததால் மட்டுமே அது கதாநாயகன் ஆகியிருந்தது. உண்மையான ஆளுக்கு 1999-இல் கேண்டிடேடஸ் அக்யுமுலிபாக்டர் என்று பெயர் வைத்தார்கள். ‘கேண்டிடேடஸ்’ என்ற அடைமொழியே தனி வளர்ப்பில் பிடிபடாதது என்பதைச் சொல்கிறது.

ஃபிஷ் என்றால் மீன் இல்லை. ஓர் இனத்துக்கே உரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசையைத் தேடிப் போய் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு, அதன் முனையில் ஒளிரும் சாயம். யார் என்பதோடு, யாருக்குப் பக்கத்தில் யார் என்பதும் தெரியும். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் கொத்துகளை ஒட்டியே, அந்த நைட்ரைட்டை உண்ணும் நைட்ரோஸ்பிராக் கொத்துகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் யாரைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மேலும், பட்டினி கிடக்கும் செல்லில் ரைபோசோம் குறைவு, ஒளியும் மங்கும். ஆகவே கழிவுநீர்ப் படலத்தில் ஜொலிக்கும் முறை குடிநீர்ப் படலத்தில் சோர்ந்துவிடுகிறது.

யாரென்றே தெரியாதபோது, படலத்திலுள்ள டி.என்.ஏ.வைப் படித்துப் பார்க்கும் மரபணு வரிசையாக்கத்துக்கு ஈடு இல்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக்க இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் வேண்டும் என்பது 1890 வாக்கில் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி காட்டியதிலிருந்து வந்த நம்பிக்கை. 2015-இல் அது உடைந்தது: ஒரே நைட்ரோஸ்பிரா இரண்டு வேலையையும் செய்கிறது. அவற்றில் ஒன்று கிடைத்த இடம், ரஷ்யாவின் வடக்குக் காகசஸில் 1,200 மீட்டர் ஆழ எண்ணெய்த் தேடல் கிணற்றிலிருந்து 56 டிகிரி வெந்நீர் வரும் குழாயின் சுவர்ப் படலம். அதற்கு வைத்த பெயர் இனோபினாட்டா, லத்தீனில் ‘எதிர்பாராதது’.

ஆனாலும், யார் எத்தனை பங்கு என்று வரிசையாக்க முடிவைக் காட்டும் வண்ணப் பட்டைகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அவை விகிதம், எண்ணிக்கை இல்லை. நூறு செல்களில் இருபது நைட்ரோஸ்பிரா என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் அறுபது அழிந்து அடித்துச் செல்லப்பட்டால், ஒரு செல்கூடப் பெருகாமல் நைட்ரோஸ்பிரா 20 சதவீதத்திலிருந்து 50 ஆகிவிடும். செத்த செல்லின் டி.என்.ஏ.வும் கணக்கில் சேரும். குளோரின் போட்ட குழாயில் இது சின்னப் பிழை இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு முதலில் படம் தேடுவார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் அட்டைக்கு அழகு. ஆனால் படலத்தில் பெரும்பங்கு நீர். வழக்கமான முறையில் அதை உலர்த்தித்தான் படம் எடுக்கிறார்கள். வற்றலைப் பார்த்துக் கத்தரிக்காயை வரைகிற வேலை. கன்ஃபோகல் நுண்ணோக்கி ஈரத்தோடேயே அடுக்கடுக்காகப் பார்க்கும், ஆனால் அடர்ந்த படலத்தின் ஆழத்தில் மங்கிவிடும். ஒளியியல் ஓரியல்புத் தளவரைவு சாயமே இல்லாமல் மில்லிமீட்டர் அளவில் மேடுபள்ளம் காட்டும். யார் என்று மட்டும் சொல்லாது.

என் மனம் சாய்வது நுண்மின்முனைப் பக்கம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கண்ணாடி முனையைப் படலத்துக்குள் மைக்ரான் மைக்ரானாக இறக்கினால், சில நூறு மைக்ரானுக்குள் ஆக்சிஜன் பூஜ்யமாவதைத் திரையில் பார்க்கலாம். சுத்திகரிப்பு நிலையத்தில் படலம் ஒட்டி வளரப் போடும் ஒரே பிளாஸ்டிக் வளையத்தின் மேல், ஆக்சிஜன் உள்ள மேலடுக்கில் நைட்ரேட் உருவாவதும் அது இல்லாத உள்ளடுக்கில் அழிவதும் ஒன்றாக நடப்பது இதனால்தான். 1994-இல் டி பியர் குழுவினர் குளோரின் முனையை இறக்கியபோது, படலத்துக்குள் இருந்த குளோரின் பெரும்பாலும் வெளிநீரில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். எந்தச் சாயமும் எந்த வரிசையும் இதைச் சொல்லாது. முனை மட்டும் வெங்காயத் தோலைவிட மென்மை, ஒரு மணல்துகளில் பட்டால் அன்றைய வேலை போயிற்று.

கையில் காசு குறைவு, சுத்திகரிப்பு நிலையத்து வளையங்கள் பத்து இருக்கின்றன என்றால் நான் செய்வது இது. மூன்றைச் சுரண்டி உலர் எடை. மூன்றை ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி ஃபிஷ். மூன்றை அன்றைக்கே மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுவேன்; வரிசையாக்கம் காசு வந்தபிறகு. பத்தாவது வளையம் நிலையத்து நீரிலேயே, காற்றோட்டத்தோடு, நுண்மின்முனை இரவல் கிடைக்கும் நாள்வரை காத்திருக்கும்.