எத்திலீன் கிளைக்காலும் புரொப்பிலீன் கிளைக்காலும்: எதை எங்கே பயன்படுத்துவது?

நிறமில்லாத, பெரிதாக மணமும் இல்லாத, நீருடன் எந்த விகிதத்திலும் கலக்கக்கூடிய இவ்விரு திரவங்களையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. எத்திலீன் கிளைக்கால் ஏறத்தாழ 197 பாகை செல்சியசிலும், புரொப்பிலீன் கிளைக்கால் 188 பாகையிலும் கொதிக்கின்றன. நீருடன் சரிபாதியாகக் கலந்தால் முதலாவது சுமார் −37 பாகை வரையிலும், இரண்டாவது சுமார் −33 பாகை வரையிலும் உறைவதில்லை.

இந்தச் சிறு வேறுபாட்டைவிடப் பாகுநிலையே, அதாவது திரவம் ஓடுவதைத் தடுக்கும் கெட்டித்தன்மையே, பொறியாளருக்கு முக்கியம். 25 பாகை வெப்பநிலையில் புரொப்பிலீன் கிளைக்காலின் பாகுநிலை எத்திலீன் கிளைக்காலுடையதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். குளிர் கூடக்கூட இந்த இடைவெளி விரிவதால், பம்புக்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது, வெப்பக் கடத்தலும் குறைகிறது. எனவே மூடிய சுற்றில் இயங்கும் எஞ்சின் குளிர்விப்பானுக்கு எத்திலீன் கிளைக்காலே பொருத்தம். பாலியெஸ்டர் இழைக்கும் பெட் பாட்டில்களுக்கும் மூலப்பொருள் அதுவே.

ஆனால், கசிந்தால் உணவையோ குடிநீரையோ தொட வாய்ப்புள்ள இடத்தில், திறன் சற்றுக் குறைந்தாலும் புரொப்பிலீன் கிளைக்காலைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். இனிப்புச் சுவையுள்ள எத்திலீன் கிளைக்கால் உடலுக்குள் சென்றால் கல்லீரல் நொதிகளால் கிளைக்காலிக் அமிலமாகவும் ஆக்சாலிக் அமிலமாகவும் மாறி, சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்களாகத் தங்கி உயிரைப் பறிக்கக்கூடும்; மற்றதோ பெரும்பாலும் லாக்டிக் அமிலமாக மாறி, உடலின் வழக்கமான வளர்சிதை மாற்றத்தில் சேர்ந்துவிடுகிறது.

அதற்காகப் புரொப்பிலீன் கிளைக்காலைச் சாக்கடையில் ஊற்றலாம் என்பதில்லை. ஒரு கிராம் நீரில் முழுமையாகச் சிதைய எத்திலீன் கிளைக்காலுக்கு 1.29 கிராம் ஆக்சிஜன் போதும். புரொப்பிலீன் கிளைக்காலுக்கோ 1.68 கிராம் வேண்டும். நீரிலுள்ள ஆக்சிஜனை இப்படி இழுத்துக்கொள்வதால், குளத்து மீன்களுக்கு இதுவும் ஆபத்தே.

சேமிப்பில் இரண்டுக்கும் விதிகள் ஏறத்தாழ ஒன்றே. காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதாலும், ஆக்சிஜன் பட்டால் மெல்ல அமிலமாவதாலும், துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் நைட்ரஜன் போர்வையின் கீழ் (திரவத்துக்கு மேலுள்ள இடத்தைக் காற்றுக்குப் பதில் நைட்ரஜனால் நிரப்பி), 40 பாகைக்கு மிகாமல் வைப்பது நல்லது. துத்தநாகப் பூச்சுள்ள கலன்களைத் தவிர்க்க வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற வலிய ஆக்சிஜனேற்றிகள் பட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். சூடான குழாயைச் சுற்றிய காப்புப் பஞ்சில் கிளைக்கால் ஊறினாலும் தீப்பிடிக்கக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து, பீப்பாய்கள் மாறி, மருந்துக்கான புரொப்பிலீன் கிளைக்காலின் இடத்தில் நச்சுக் கிளைக்கால் சேர்ந்துவிடுவது. மருந்தில் தவறான கிளைக்கால் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. அமெரிக்காவில் 1937-இல் இவற்றின் உறவுப் பொருளான டைஎத்திலீன் கிளைக்காலில் சல்ஃபனிலமைடு என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைக் கரைத்து விற்றதால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டே அங்கு மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. மருந்துத் தரப் புரொப்பிலீன் கிளைக்காலில் எத்திலீன், டைஎத்திலீன் கிளைக்கால்கள் ஒவ்வொன்றும் 0.10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என அமெரிக்க மருந்துத் தர நூல் வரையறுக்கிறது. முத்திரைச் சீட்டை மட்டும் நம்பாமல், வந்திறங்கும் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்து, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் வாயு வண்ணப்படிவுப் பகுப்பாய்வில் தேறிய பிறகே மருந்துப் பிரிவுக்குள் அனுமதிக்க வேண்டும்.