ஆய்வேட்டைச் ‘செற்’ பண்ணக் கொடுத்துவிட்டு பிடிஎப்போடு மட்டும் வந்துவிடாதீர்கள்

ஆய்வேடு ஒப்படைக்கும் மாதம் வந்தால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் வட்ஸ்அப் இலக்கங்களுக்கும் திருவிழாதான். ‘எடிற்றிங், போமற்றிங், டேர்னிட்டின், பைண்டிங் எல்லாம் ஒரே இடத்தில்’ என்று போட்டிருப்பார்கள். ஒழுங்காகச் செய்கிறவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். இந்தப் பதிவு மற்றவர்களைப் பற்றியது. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேலை எங்கே பிழைத்தது என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் அதே பிழையைப் பிடிக்கலாம்.

அண்மையில் திருத்தத்துக்கு வந்த ஒரு முதுதத்துவமாணி ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். 212 பக்கம். முழுக் காசும் கொடுத்து, அச்செடுத்து, கட்டி, ஒப்படைத்தாயிற்று. தாளில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இரண்டாம் இயலுக்குள் இரண்டு பந்தி சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். கடை கொடுத்திருந்தது பிடிஎப் மட்டும். வேர்ட் கோப்பைக் கேட்டால் ‘அது வேற சார்ஜ்’ என்று பதில். இழுபறிப்பட்டு, மேலும் காசு கட்டி வாங்கிய அந்தக் கோப்பைத் திறந்தபோதுதான் உள்ளே நடந்திருந்த கூத்து தெரிந்தது.

வேர்ட்டில் கொன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் வெளியே வரும். அந்தக் கோப்பில் ஒவ்வொரு இயலின் முடிவிலும் பதினைந்து இருபது ‘என்ரர்’ தட்டி அடுத்த இயலைப் புதுப் பக்கத்துக்குத் தள்ளியிருந்தார்கள். தலைப்புகளை நடுவில் நிறுத்தியது ஸ்பேஸ் தட்டித்தான். பொருளடக்கம் கையால் அடித்தது, புள்ளிகள்கூட ஒவ்வொன்றாகத் தட்டியவை. இரண்டு பந்தி உள்ளே போனதும் எல்லாத் தலைப்பும் அரைப் பக்கம் கீழே இறங்கியது. பொருளடக்கத்தில் இருந்த இலக்கங்கள் மட்டும் பழையபடியே நின்றன. அட்டவணைப் பட்டியல், வரைபடப் பட்டியல், படப் பட்டியல் மூன்றுக்கும் அதே கதி.

செய்திருக்க வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இயல் தலைப்புக்கு வேர்ட்டின் ‘ஹெடிங் 1’, உபதலைப்புகளுக்கு 2, 3; அவற்றிலிருந்து பொருளடக்கத்தை வேர்ட்டே எடுத்துக்கொள்ளும். அட்டவணைக்கும் படத்துக்கும் ‘இன்சேர்ட் கப்ஷன்’. ரோம இலக்கம் போடும் முன்பக்கங்களுக்கும் 1இல் தொடங்கும் முதலாம் இயலுக்கும் நடுவில் ஒரு ‘செக்ஷன் பிரேக்’. பிரேக்குக்குப் பின்னால் உள்ள பகுதிக்குப் பக்க இலக்க வடிவத்தைத் தனியாக 1, 2, 3 என்று கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ரோம இலக்கமே முதலாம் இயலுக்குள்ளும் ஓடும். தெரிந்தவருக்கு 200 பக்கத்துக்கு இது ஒரு நாள் வேலை. தட்டித் தட்டிச் செய்கிறவருக்கு மூன்று நாள் பிடிக்கும், அந்த மூன்று நாளுக்கும் காசு கொடுப்பது நீங்கள்.

தமிழ் ஆய்வேடுகளுக்கு இன்னொரு வில்லங்கம் பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துரு. இங்கே பழைய தட்டச்சாளர்கள் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறார்கள், வேகமாகவும் அடிப்பார்கள், அதில் பிழையில்லை. ஆனால் பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். யுனிகோட்டுக்கு மாற்றும்போது கோப்பு முழுவதையும் அப்படியே மாற்றியில் கொட்டினால் அதற்குள் இருக்கும் ஆங்கிலமும் பாமினி என்றே வாசிக்கப்படும். ‘ஜஃப்னா’ என்று ஆங்கிலத்தில் இருந்த இடத்தில் ‘துயககயெ’ என்று வரும். ‘டேபிள்’ என்பது ‘வுயடிடந’ ஆகும். கமா விசையில் பாமினிக்கு இருப்பது ‘இ’. ஆகவே ஆங்கில எழுத்துருவில் அடித்த கமா எல்லாம் இ ஆகி, ‘யாழ்ப்பாணம்இ கிளிநொச்சிஇ வவுனியா’ என்று நிற்கும்.

அதைத் திருத்துகிறோம் என்று அந்தக் கடை செய்ததுதான் உச்சம். ‘ரீப்ளேஸ் ஓல்’ கொடுத்து ‘இ’ எல்லாவற்றையும் கமாவாக மாற்றியிருந்தார்கள். ‘இலங்கை’ இருந்த இடமெல்லாம் ‘,லங்கை’. ‘இலக்கியம்’, ‘இடப்பெயர்வு’, ‘இந்து’ ஒன்றும் தப்பவில்லை. கண்ணுக்குப் பட்டதைக் கையால் திருப்பி அடித்துவிட்டு, மீதியை அப்படியே அச்சுக்கு விட்டிருந்தார்கள்.

சரியான வழி இதுதான்: மாற்றுவதற்கு முன் ‘அட்வான்ஸ்ட் பைண்ட்’இல் எழுத்துரு பாமினி என்று கொடுத்துத் தேடி, அந்த எழுத்துருவில் உள்ளதை மட்டும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன கோப்பென்றால் ‘இ’யும் அதன் பின்னால் ஓர் இடைவெளியும் சேர்ந்து வரும் இடங்களை மட்டும் கமாவாக்க வேண்டும். தமிழில் தனி உயிரெழுத்தாக ‘இ’ சொல்லின் கடைசியில் வருவது அனேகமாக இல்லை. அப்படியும் ஒருமுறை கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

உசாத்துணைப் பட்டியலை அகரவரிசைப்படுத்துவதும் மாற்றிய பிறகுதான். பாமினியில் இருக்கும்போதே ‘சோர்ட்’ கொடுத்தால் கணினி அந்த விசைகளின் ஆங்கில அகரவரிசையில் அடுக்கும். க, ப, ம எல்லாம் அ-வுக்கு முன்னால் வந்து உட்காரும். ஒரு பட்டியல் கைலாசபதியில் தொடங்கி, அ-வில் தொடங்கும் பெயர்கள் நடுவில் வந்தால் காரணம் இதுதான்.

பெயர்களின் கதை தனி. நம்முடைய பெயர்களில் முன்னால் நிற்பது தகப்பன் பெயர். கார்த்திகேசு சிவத்தம்பியைப் பட்டியலில் ‘சிவத்தம்பி, கா.’ என்று போட வேண்டும். அதே கோப்பில் அவர் ஒரு இடத்தில் சரியாகவும், ஒரு இடத்தில் ‘கார்த்திகேசு, சி.’ என்றும், இன்னொரு இடத்தில் ‘கா., சி.’ என்றும் மூன்று பேராக வாழ்ந்துகொண்டிருந்தார். ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் போட்டதாகச் சொல்லி வாங்கிய காசுக்கு ஆறாம் பதிப்பும் ஏழாம் பதிப்பும் கலந்த சாம்பார். 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் மூன்று ஆசிரியர்களோ அதற்கு மேலோ இருந்தால் முதல் மேற்கோளிலேயே ‘மற்றும் பலர்’தான், பதிப்பகத்தின் ஊர்ப்பெயர் தேவையில்லை. ஒரு பக்கத்தில் ‘கொழும்பு:’ இருந்து அடுத்த பக்கத்தில் இல்லையென்றால் இரண்டு கை பட்டிருக்கிறது, அல்லது ஒரு கையும் விதி பார்க்கவில்லை.

இதைவிட மோசம் இல்லாத நூல்கள். செயற்கை நுண்ணறிவிடம் ‘உசாத்துணை கூட்டித் தா’ என்று கேட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஆசிரியர் உண்மையானவர், சஞ்சிகை உண்மையானது, கட்டுரை மட்டும் உலகத்தில் இல்லை. வேலை முடிந்து வந்ததும் நீங்கள் கொடுக்காத உசாத்துணை ஒன்றாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கட்டுரைக்குக் கட்டுரை தனியாகக் கொடுக்கப்படும் டிஓஐ இலக்கத்தை டிஓஐ தளத்தில் போட்டால் அதே கட்டுரை திறக்க வேண்டும். வேறொன்று திறந்தாலும் அது பொய்தான். பழைய ஈழத்து நூல், சஞ்சிகை என்றால் நூலகம் எண்ணிம நூலகத்தில் பெரும்பாலும் பக்கத்தோடே பார்க்கலாம்.

ஆங்கில மொழிமூல ஆய்வேடுகளுக்கு வரும் பெரிய ஆபத்து டேர்னிட்டின், எழுதியது வேறு எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் மென்பொருள். ‘ஐந்து வீதத்துக்குக் கீழே இறக்கித் தருவம்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள். அந்த வீதம் ஒப்புமையின் அளவுதானே தவிரக் களவின் அளவு இல்லை. மேற்கோளும் உசாத்துணையும்கூட அதில் ஏறும். கேட்டவுடன் இறக்கப் பெரும்பாலும் பாவிப்பது மூன்று குறுக்கு வழி. சொற்களுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் எழுத்துகளைச் செருகுவது. ஆங்கில எழுத்துக்குப் பதிலாக அதே தோற்றமுள்ள ரஷ்ய எழுத்தைப் போடுவது. சொல்மாற்றி மென்பொருளில் முழுவதையும் அரைப்பது. முதல் இரண்டையும் டேர்னிட்டின் இப்போது மறைந்த எழுத்து, மாற்றிய எழுத்து என்று தனியாகக் கொடி காட்டுகிறது. கொடி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர் இல்லை.

மூன்றாவது இன்னும் அவமானம். கலைச்சொல்லுக்கும் ஒத்தசொல் போடும் அந்த மென்பொருள் ‘பிரெஸ்ட் கான்சர்’ என்பதை ‘பூசம் பெரில்’ (நெஞ்சு ஆபத்து) ஆக்கும், ‘ஆர்ட்டிபிஷல் இன்டெலிஜென்ஸ்’ என்பதை ‘கவுன்டர்பீட் கொன்ஷியஸ்னஸ்’ (போலி உணர்வு) ஆக்கும். இப்படிச் சித்திரவதைப்பட்ட சொற்றொடர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே 2021இலிருந்து கபனாக், லபே, மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வேலை செய்துவருகிறார்கள். வெளியான கட்டுரைகளே அதனால் மீளப் பெறப்பட்டிருக்கின்றன.

சோதித்து மட்டும் தரச் சொன்னாலும் யாருடைய கணக்கில் ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். களஞ்சியத்தில் சேமிக்கும் அமைப்போடு ஏற்றிவிட்டால், பிறகு கம்பஸ் உங்கள் ஆய்வேட்டை ஏற்றும்போது அது அந்தப் பழைய பிரதியோடு ஏறக்குறைய நூறு வீதமும் ஒத்துப்போகும். ‘அது என்னுடையதுதான்’ என்று நிரூபிக்க அலைய வேண்டும். களஞ்சியத்திலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்கக்கூடியவர் அந்தக் கணக்குக்குப் பொறுப்பானவர், உங்களுக்கு அவரை யார் என்றே தெரியாது.

‘பேப்பரும் போட்டுத் தருவம், இரண்டு கிழமையில் சேர்டிபிகேற்’ என்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு கிழமையில் உண்மையான சஞ்சிகையில் மதிப்பீட்டாளரின் பதில்கூட வருவது அரிது. இந்த வகை வியாபாரத்துக்காக ஒமிக்ஸ் என்ற பெரிய பதிப்பு நிறுவனத்துக்கே 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 50 மில்லியன் டொலருக்கு மேல் கட்டச் சொன்னது.

பேரம் பேசும்போது பக்கக் கணக்கை ஒத்துக்கொள்ள வேண்டாம். 12 புள்ளி ஆங்கில எழுத்தில் இரட்டை வரி இடைவெளி விட்டால் பக்கத்துக்கு ஏறக்குறைய 250 சொல், ஒற்றை இடைவெளியில் 500. அதே 50,000 சொல் 200 பக்கமாகவும் ஆகும், 100 பக்கமாகவும் ஆகும். எதைப் பக்கம் என்கிறார் என்பது கடைக்காரரின் கையில். சொல் எண்ணிக்கைக்கு விலை கேளுங்கள். முதலில் ஐந்து பக்கம் மட்டும் கொடுத்துச் செய்விக்கலாம். மொழித் திருத்தம் முழுவதும், மாற்றியதெல்லாம் தெரியும்படி ‘டிராக் சேஞ்சஸ்’ போட்டுத்தான் வர வேண்டும். துப்புரவான பிரதி மட்டும் தருகிறார் என்றால் வேர்ட்டின் ‘கொம்பெயார்’இல் உங்கள் மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், வாங்கிய காசுக்கு நாலு கமா மாறியிருப்பதும் தெரியும், கருத்தே மாறியிருப்பதும் தெரியும். மேற்கோளைத் தானாகப் போடும் சொற்றேரோ (Zotero) போன்ற மென்பொருள் ஒன்றைப் பாவித்திருந்தால், அந்த இணைப்பை அறுக்கக் கூடாது என்று முதலே சொல்லிவிடுங்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எப்9 அழுத்தி அறுத்தால் வேலை அவருக்குச் சுகம், பிறகு ஒரு மேற்கோள்கூடத் தானாக மாறாது.

பென்டிரைவைக் கடைக் கணினியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கமும் வேண்டாம். அடுத்த பற்ச் பெடியளுக்கு ‘மொடல்’ என்று விற்கப்படுவது அந்தக் கோப்புதான்.

மீதிக் காசைக் கொடுக்கும் முன், அந்த இடத்திலேயே வேர்ட் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டாம் இயலின் நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தைச் செருகுங்கள். கொன்ட்ரோல் ஏ, பிறகு எப்9. மூன்றாம் இயலின் பக்க எண் பொருளடக்கத்தில் குறைந்தது ஒன்றால் கூட வேண்டும். கூடாமல் நின்றாலோ, ‘எரர்! புக்மார்க் நொட் டிபைன்ட்’ என்று வரிசையாக வந்தாலோ காசைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.