ஐஸ் விழவில்லையா? பைப், டேங்க், கைத்திருகு மூன்றுக்கும் கோளாறு வேறு வேறு

வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் வருவது மூன்று வழியில். பின்னால் பைப் மாட்டித் தானாக நிரம்புவது ஒன்று. உள்ளே இருக்கும் டேங்க்கில் நாம் ஊற்ற, குட்டி பம்ப் இழுத்துக்கொள்வது இன்னொன்று. ட்ரேயில் ஊற்றி, உறைந்ததும் கைப்பிடியைத் திருகி உதிர்ப்பது மூன்றாவது. எதுவானாலும் முதலில் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். மைனஸ் 10-ஐத் தாண்டாமல் நின்றால் கோளாறு ஐஸ் மேக்கரில் இல்லை. கதவு ரப்பரிலோ, காற்றுத் துளையை மறைத்து அடுக்கிய பொட்டலங்களிலோ இருக்கும்.

அதிக வசதி பைப் வகையில்தான். அதிகத் தகராறும் அதில்தான். மின்சாரத்தில் திறந்து தண்ணீரை உள்ளே விடும் இதன் சொலினாய்டு வால்வுக்குப் பொதுவாக 20 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 1.4 பார் அழுத்தம் வேண்டும். நம் வீடுகளில் தண்ணீர் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து இறங்குகிறது. 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் என்பது கணக்கு. டேங்க் 4 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.4 பார்தான். 1.4 பாருக்கு டேங்க் நாலைந்து மாடி உயரத்தில் இருக்க வேண்டும்! சுவரில் மாட்டிய ஆர்.ஓ.வின் டேங்க்கிலிருந்து பைப் இழுத்தால் இன்னும் மோசம்.

அழுத்தம் குறைந்தால் ஐஸ் சின்னதாகவோ, நடுவில் பொள்ளலாகவோ வரும். அதைவிடப் பெரிய தொல்லை வேறு. இந்த வால்வை இறுக மூட வைப்பதும் அதே தண்ணீர் அழுத்தம்தான். அது போதாதபோது வால்வு சொட்டுச் சொட்டாகக் கசிந்து, ஐஸ் அச்சில் தண்ணீர் ஊற்றும் நிரப்புக் குழாயின் நுனியிலேயே உறைந்து அடைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துக் குழாய்க்குள் பீய்ச்சினால் அடைப்பு இளகும். கீழே துணி வையுங்கள். ஹேர் டிரையர் வேகமானது, ஆனால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கத்தி வேண்டவே வேண்டாம்.

இளகிய குழாய் மறுபடி அடைத்தால் அழுத்தத்தைச் சோதியுங்கள். கதவில் தண்ணீர் பிடிக்கும் வசதி இருந்தால் 180 மில்லி டம்ளரை வையுங்கள். 10 நொடிக்குள் நிறைய வேண்டும். நிறையாவிட்டால் முதலில் ஃபில்டரை மாற்றுங்கள், ஆறு மாதத்துக்கு மேல் அது தாங்காது. பிறகும் இழுத்தால் பிரஷர் பம்ப்தான் வழி. அழுத்தம் சரியாக இருந்தும் குழாய் அடைத்தால் மட்டும் வால்வை மாற்றுங்கள்.

டேங்க் வகைக்கு இந்த அழுத்தக் கதையே கிடையாது. ஐஸ் நின்றால் பெரும்பாலும் டேங்க் சரியாக உட்காரவில்லை. எடுத்து, 'டக்'கென்று பொருந்தும்வரை அழுத்துங்கள். வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் வழுவழுப்பும் வாடையும் வரும். பிரஷர் பம்ப் இல்லாத வீட்டுக்குத் தானியங்கி வேண்டுமென்றால் இதையே வாங்கலாம்.

கைத்திருகில் மோட்டாரும் இல்லை, வால்வும் இல்லை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். அதனால் விளிம்புவரை ஊற்றினால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி, திருகும்போது ட்ரே விரிசல் விடும். முக்கால் அளவு போதும். போர் தண்ணீரின் உப்புப் படிந்தாலும் ஐஸ் பிடித்துக்கொள்ளும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். ட்ரே உடைந்தால் தனியாக வாங்கலாம், மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். அது ஃப்ரிட்ஜின் உட்சுவர் ஸ்டிக்கரில் இருக்கும்.