27 மில்லிமீட்டருக்குக் கொடுத்த விலை: இசுசு வி-கிராஸில் பெரிய டயர்கள்

2016ஆம் ஆண்டு வாங்கிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வண்டியில் நிறுவனம் போட்டுத் தந்திருந்த டயர் அளவு 245/70 ஆர்16. அந்த அளவிலேயே இரண்டு முறை டயர் மாற்றிய பிறகு, மூன்றாம் முறை அதே ரிம்மில் 265/75 ஆர்16 அளவுள்ள ஆல்-டெரெய்ன் (தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஏற்ற) டயர்களை, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகப் போட்டேன். பதினெட்டு மாதங்களாக, வாரத்துக்கு இரண்டு முறையாவது, நாமக்கல்லுக்கும் கொல்லிமலையில் மிளகும் காப்பியும் விளையும் தோட்டத்துக்கும் இடையே இந்த டயர்களில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் மதிப்பிடுவது ஒரு நிறுவனத்தின் டயரை அன்று, டயரின் அளவை. எந்த நிறுவனத்தின் டயராக இருந்தாலும் இந்த அளவில் விளைவுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வாங்கும் முன் போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கை நான் வாங்கிய பின்தான் போட்டேன். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்களே அதற்குப் போதும். பழைய டயரின் அகலம் 245 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, ரிம் 16 அங்குலம். ஆக மொத்த விட்டம் ஏறத்தாழ 749 மி.மீ. புதியதன் விட்டம் 804 மி.மீ. வித்தியாசம் 55 மி.மீ. என்றதும் வண்டி இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டதாக நண்பர்கள் பாராட்டினார்கள், நானும் மறுக்கவில்லை. உண்மையில் அச்சுக்குக் கீழே சேர்ந்தது அதில் பாதி, அதாவது 27 மி.மீ. மட்டுமே. ஆனால் அந்த 27 மி.மீ.க்கு ஒரு தனி மதிப்பு உண்டு. வண்டியை உயர்த்த சஸ்பென்ஷனில் மாட்டும் லிஃப்ட் கிட் போட்டால் பாடியும் சேஸிஸும் உயருமே தவிர, பின்னச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதைத் தரையிலிருந்து மேலே தூக்க டயரைப் பெரிதாக்குவதைத் தவிர எளிய வழி இல்லை. டிராக்டர்கள் ஓடிப் பள்ளம் விழுந்த எங்கள் தோட்டப் பாதையில், நடுமேட்டில் டிஃபரன்ஷியல் தேய்த்துக்கொண்டு போகும் இடங்கள் முன்பு மூன்று இருந்தன, இப்போது ஒன்றுதான். கவாத்து செய்த காப்பிச் செடிகளின் கூரான அடிக்கட்டைகள் பழைய டயர்களின் பக்கச்சுவரைக் கிழித்திருக்கின்றன. பத்து பிளை தரமுள்ள, அதாவது கூடுதல் சுமை தாங்கும் உறுதியான, இந்த டயர்களில் இதுவரை ஒரு பஞ்சரும் இல்லை. மழை நாளில் சேற்றிலிருந்து வெளியே வர 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர் நிலை) போட வேண்டிய தேவையும் வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் அதற்குக் காரணம் அளவைவிட, டயரின் ஆழமான பட்டன்தான் (தரையைப் பிடிக்கும் கட்டைகள்) என்று நினைக்கிறேன்.

இனி இழப்புகள். முதலில் தெரிந்தது இழுவைக் குறைவு. அச்சுக்கு வந்து சேரும் முறுக்குவிசை மாறவில்லை. ஆனால் சக்கரத்தின் ஆரம் 7.3 விழுக்காடு கூடியதால், டயர் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு கியரும் கொஞ்சம் உயரமான கியராகிவிட்டது என்று சொன்னால் ஓட்டுநருக்குச் சட்டென்று விளங்கும். இந்த 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் தன் முழு 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 1,800 முதல் 2,800 சுற்றுகளுக்குள்தான் தருகிறது. முன்பு ஐந்தாவது கியரில் 1,900 சுற்றில் நிதானமாகப் போன அதே வேகத்தில் இப்போது எஞ்சின் 1,770 சுற்றில் ஓடுகிறது. அதாவது டர்போ விழித்திருக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே. சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. கொல்லிமலைப் பாதையில் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போதுதான் தெரியும்: முன்பு இரண்டாவது கியரில் வளைந்து அப்படியே மூன்றுக்கு மாறிய இடங்களில், இப்போது வளைவு முடிந்த பிறகும் இரண்டிலேயே வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது, சுமையோடு ஏறும் நாளில் சில வளைவுகளுக்கு முதல் கியரே தேவைப்படுகிறது. நின்ற இடத்திலிருந்து ஏற்றத்தில் எடுக்கும்போது கிளட்சை அரைபட விட்டுத்தான் கிளப்ப வேண்டும்; அதன் விலையை கிளட்ச் தட்டு ஒருநாள் வசூலிக்கும்.

மைலேஜ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், பெரும்பாலானோர் தவறாகவே கணக்கிடுகிறார்கள். சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருள்வது மீட்டருக்குத் தெரியாது. தேசிய நெடுஞ்சாலை 44இல் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே போய்ப் பார்த்தேன்: கற்களின்படி பத்து கிலோமீட்டர் கடந்தபோது மீட்டர் 9.3 என்றது. எனக்கு முன்பு லிட்டருக்கு 12 கி.மீ. கிடைத்தது, டயர் மாற்றிய பின் டேங்க்கை நிரப்பி நிரப்பிக் கணக்கிட்டதில் 10.2 வந்தது, மனம் சோர்ந்துவிட்டது. ஆனால் மீட்டர் சொன்ன தூரத்தை 1.073ஆல் பெருக்கினால் உண்மையான அளவு 10.9. இழப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். வேகமானியின் கதை வேறு. நிறுவனங்கள் பொதுவாக வேகமானியை உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைக்கின்றன. என் வண்டியில் முள் 80இல் நிற்கும்போது கைப்பேசியின் ஜிபிஎஸ் முன்பு 77 காட்டியது, இப்போது 82, 83 காட்டுகிறது. பாதுகாப்புப் பக்கம் சாய்ந்திருந்த பிழை, அபராதப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆயில் மாற்றும் தூரத்தையும் இதே கணக்கில் முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர், மட் ஃபிளாப்பிலும் சக்கர வளைவின் உட்புறப் பிளாஸ்டிக்கிலும் உரசியது. ஒடித்துக்கொண்டே பின்னோக்கி எடுத்தால் இன்னும் மோசம். ஃபிளாப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி மாட்டி, பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டி அழுத்திய பிறகு உரசல் ஏறக்குறைய நின்றது. பள்ளத்தில் சக்கரம் மேலேறி, அதே நேரத்தில் ஸ்டீயரிங்கும் ஒடிந்திருந்தால் மட்டும் இன்றும் ஒரு ‘சர்’ கேட்கும்.

எடைதான் பலரும் எண்ணிப் பார்க்காத செய்தி. ஒவ்வொரு டயரும் பழையதைவிட ஏழெட்டுக் கிலோ கூடுதல். அதுவும் ஸ்பிரிங்குக்கு மேலே அன்று, கீழே, சுழலும் விளிம்பில். ஆகையால் வேகம் எடுக்கவும் தாமதம், நிறுத்தவும் தாமதம். பிரேக் அதேதான், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஆனால் பெரிய ஆரத்தை எதிர்த்து அது வேலை செய்ய வேண்டும். மலையிறக்கத்தில் கியரிலேயே விட்டு எஞ்சினால் வேகத்தை அடக்கும் எஞ்சின் பிரேக்கிங்கும் அதே 7 விழுக்காடு குறைந்துபோவதால், முன்பு மூன்றாவது கியரில் இறங்கிய இடங்களில் இப்போது இரண்டில் இறங்குகிறேன். இந்த ஒன்றை மட்டும் நான் குறையாக அல்ல, எச்சரிக்கையாகவே சொல்கிறேன். தடித்த பக்கச்சுவர் காற்றழுத்தத்தைப் பொறுத்து மிகவும் மாறுகிறது: 40 பிஎஸ்ஐ வைத்தபோது காலி வண்டி துள்ளியது, 34க்கு இறக்கியதும் அடங்கியது, சுமை ஏற்றும் நாளில் மறுபடி 42க்கு ஏற்றுகிறேன். 70 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரு முனகல் கேட்கும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பின்னிருக்கையில் அமரும் என் மாமியாருக்கு இன்னும் பழகவில்லை.

செலவைக் குறைக்க நான்கு மட்டும் வாங்கி, பழையதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடவே கூடாது. இது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே வேகத்தில்தான் சுழலும். ஒரு சக்கரம் மட்டும் 7 விழுக்காடு சிறியதாக இருந்தால், அந்த முரண், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் விழும்.

சட்டத்தையும் நான் தாமதமாகவே படித்தேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. நிறுவனம் தராத அளவில் டயர் போட்டிருக்கும்போது, விபத்துக்குப் பின் காப்பீட்டாளர் கேள்வி எழுப்ப இடம் கொடுத்துவிடுகிறோம்.

ஐந்துக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் ஆனது. நெடுஞ்சாலையிலும் ஊருக்குள்ளும் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்த அளவு வீண் செலவு. பார்வைக்கு வண்டி கம்பீரமாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. தோட்டப் பாதை இருப்பவர்களுக்கும் நான் 265/70 ஆர்16ஐத்தான் பரிந்துரைப்பேன்: விட்டம் 777 மி.மீ., உயர்வு 3.7 விழுக்காடு, அச்சுக்குக் கீழே 14 மி.மீ. கூடுதல். அதுவும் நிறுவனம் தந்த அளவு அன்று, ஆகவே காப்பீட்டுச் சந்தேகம் அப்படியேதான் இருக்கும். ஆனால் இழுவையிலும் பிரேக்கிலும் நான் கொடுத்ததில் பாதிதான் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பட்டன் தேய இன்னும் இரண்டு ஆண்டாவது ஆகும் போலிருக்கிறது. அதன் பிறகு நானும் அந்த அளவுக்கே இறங்கப் போகிறேன்.