குடியிருப்போர் சங்கத்திற்கான ஜிஎஸ்டி கணக்குச் சேவை: ஒரு பொருளாளரின் மதிப்பீடு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜிஎஸ்டி கணக்கைச் சென்ற நிதியாண்டில் சென்னையிலுள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்திடம் ஒப்படைத்தோம். காலந்தவறாமல் வரித்தாக்கல் செய்பவர்கள் பலர் உண்டு. உறுப்பினர் தரும் பணம் எந்தத் தலைப்பில் வாங்கப்படுகிறது என்பதை முதலில் விசாரிப்பவர்கள் அரிது. இவர்கள் அதைத்தான் முதலில் விசாரித்தார்கள்.

மாதப் பராமரிப்புக் கட்டணத்தையும் கார்பஸ் நிதியையும் நாங்கள் அதுவரை ஒரே ரசீதில் வசூலித்து வந்தோம். வருங்காலத்தில் லிஃப்ட் மாற்றுவது போன்ற பெருஞ்செலவுக்காக வைப்பாகப் பெறும் இந்தக் கார்பஸ் தொகை, அதைச் சங்கம் சேவைக்கான கட்டணமாக எடுத்துக்கொள்ளும் வரை சட்டத்தின் பார்வையில் கட்டணமாகாது என்று விளக்கி, அதற்குத் தனி ரசீதும் தனிப் பேரேடும் தனி வங்கிக் கணக்கும் ஏற்படுத்தித் தந்தார்கள். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால், நாளை அதிகாரி கேட்கும்போது அது வைப்புத்தொகைதான் என்று காட்ட நம்மிடம் எந்த ஆதாரமும் இருக்காது. இந்தச் சேவையில் நான் மனமாரப் பாராட்டுவது இதையே.

ஆனால் பராமரிப்புக் கட்டணத்துக்கு அவர்கள் வரி கணக்கிட்டதில் பெரிய குறை ஒன்று இருந்தது. ஓர் உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை வரிவிலக்கு உண்டு. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019 ஜூலையில் வெளியான மத்திய நிதி அமைச்சகச் சுற்றறிக்கை கூறியது. கூடுதல் தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. அலுவலகமோ பழைய சுற்றறிக்கைப்படியே பில் தயாரித்திருந்தது. 9,000 ரூபாய் செலுத்தும் வீட்டுக்கு 18 சதவீத வரி முழுத் தொகையில் 1,620 ரூபாய்; கூடுதலான 1,500 ரூபாய்க்கு மட்டும் என்றால் 270 ரூபாய். ஓய்வூதியத்தில் வாழும் உறுப்பினருக்கு மாதந்தோறும் 1,350 ரூபாய் சிறிய தொகையன்று. தீர்ப்பைச் சுட்டிக்காட்டியதும் மறுக்காமல் திருத்தினார்கள் என்றாலும், தமிழ்நாட்டுச் சங்கங்களுக்கு வேலை செய்யும் அலுவலகம் இதைத் தானாகவே அறிந்திருக்க வேண்டும்.

காவல், துப்புரவு ஒப்பந்தங்களுக்கான உள்ளீட்டு வரி வரவை, அதாவது அவற்றுக்காகக் கட்டிய ஜிஎஸ்டியை நாங்கள் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதை, எங்கள் வசூலில் வரிக்குட்பட்ட பங்கின் அளவுக்கே கணக்கிட்டது சரியாக இருந்தது. ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சங்கங்கள், மாதக் கட்டணம் 7,500 ரூபாய்க்கு மேல் இருந்தாலும் பராமரிப்புக் கட்டணத்துக்காகப் பதிவு செய்ய வேண்டியதில்லை; அத்தகைய சங்கங்களுக்கு இந்தச் சேவை வேண்டாம்.